பேராசை யாருக்குச் சொன்ன பிரசங்கம்?

எங்கள் ஆயா கோயில் உண்டியலில் போட்ட ஆயிரம் ரூபாயைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது ஒரு கிழவியின் காணிக்கை. ஊரில் யாரும் அதைப் பேசவில்லை. ஆனால் பேராசை, ஈகை, உண்மையான செல்வம் என்று கிறித்தவம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் அந்த ஆயிரம் ரூபாயை வைத்துத்தான் நான் யோசிக்கக் கற்றுக்கொண்டேன்.

2012 நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசையில் ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை வாசகம். எருசலேம் கோயில் உண்டியலில் பணக்காரர்கள் அள்ளி அள்ளிப் போடுகிறார்கள். ஒரு ஏழைக் கைம்பெண் இரண்டு சின்னக் காசு போடுகிறாள். எல்லாரையும்விட அதிகம் போட்டது இவள்தான். மற்றவர்கள் மிச்சத்தைப் போட்டார்கள், இவள் பிழைப்பையே போட்டுவிட்டாள் என்று இயேசு சீடர்களிடம் சொல்கிறார்.

எங்கள் பங்குக் கோயிலுக்கு அப்போது புதுக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. சாமியார் கைம்பெண்ணில் ஆரம்பித்துக் கோபுரத்தில் கொண்டுபோய் முடித்தார். ஏழைகளின் காசில்தான் ஆண்டவருக்குப் பிரியம் என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். எங்கள் பக்கம் என்றால் இடது பக்கம். கோயிலில் இப்போதெல்லாம் தனி வரிசை என்று யாரும் சொல்வதில்லை. ஊர்க்காரர்கள் வலப் பக்கம், சேரிக்காரர்கள் இடப் பக்கம் என்று அது தானாகவே நடந்துவிடுகிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் தானாக நடக்கவில்லை. அது இரண்டு என்பதற்கு நடுவில் சுவரே இருக்கிறது.

ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்தது. அந்த மாதத்து முதியோர் பென்ஷன். 500 ரூபாயாக இருந்த பென்ஷன் 1,000 ரூபாய் ஆனது 2011இல்தான். பத்து நூறு ரூபாய்த் தாளையும் மடித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தது. அந்த மாதம் முழுக்க வெற்றிலை பாக்குக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் எங்கள் அம்மாவிடம் கை நீட்டியது.

ஆயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அறுப்பு முடிந்த வயலில் வரப்போரம் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த கதிரை எடுத்து, உலர்த்திக் குத்திக் கஞ்சி காய்ச்சி எங்கள் அப்பாவை வளர்த்த மனுஷி. வளையை முழுசாக வழிக்காது. ஒரு கை கதிரை உள்ளேயே விட்டுவிடும். “அதுக்கும் குட்டி இருக்கு இல்ல” என்னும்.

இப்படிப்பட்டவளுக்கா பேராசையைப் பற்றியும் ஈகையைப் பற்றியும் பிரசங்கம் தேவைப்பட்டது? அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அதுதான்.

2

நான் அப்போது எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டை எடுத்தால் யார் கூற்று, யாரைப் பார்த்துச் சொன்னது, எந்தச் சூழலில் சொன்னது என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்கு வந்து மாற்கு நற்செய்தியை எடுத்து முன்னும் பின்னும் படித்தேன்.

பன்னிரண்டாம் அதிகாரம். கைம்பெண் உண்டியலுக்கு வருவதற்குச் சற்று முன்னால் இயேசு வேறொன்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீண்ட அங்கி போட்டுக்கொண்டு, கடைத்தெருவில் கும்பிடு எதிர்பார்த்துக்கொண்டு, செபக்கூடத்தில் முதல் இருக்கை தேடுகிற மறைநூல் பண்டிதர்களைப் பற்றி எச்சரிக்கிறார். இவர்கள் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்கள், பார்வைக்கு நீளமாகச் செபிக்கிறவர்கள் என்கிறார். உடனே ஒரு கைம்பெண் வருகிறாள். வீட்டை விழுங்கக் கொடுத்தவள் மிச்சமிருந்த இரண்டு காசையும் கொண்டுவந்து போடுகிறாள். அடுத்த அதிகாரம் தொடங்கும்போது ஒரு சீடர் அந்தக் கோயிலின் பெரிய பெரிய கற்களைக் காட்டி வியக்கிறார். கல்லின் மேல் கல் நிற்காதபடி இது இடிந்துபோகும் என்கிறார் இயேசு. அதிகார எண்ணும் வசன எண்ணும் பிற்காலத்தில் போட்டவை. எண்களை எடுத்துவிட்டுப் படித்தால் ஒரே மூச்சில் வருகிறது: விழுங்குகிறவர்கள், விழுங்கப்பட்டவள், இடியப்போகும் கோயில்.

ஞாயிறு பூசைக்கு இந்தப் பகுதியில் இரண்டு வாசகங்கள் அனுமதி. நீண்டது 38ஆம் வசனத்திலிருந்து 44 வரை. குறுகியது 41லிருந்து 44 வரை. அன்றைக்கு எங்கள் கோயிலில் வாசித்தது குறுகியது. அதில் விழுங்கியவர்களைக் காணோம். போட்டவள் மட்டும் இருக்கிறாள். கோயில் இடியும் என்கிற பேச்சு இரண்டு வாசகத்திலுமே இல்லை.

இயேசு அவளைப் பாராட்டுகிறாரா, அவளுக்காக வயிறெரிகிறாரா என்று வேத ஆராய்ச்சியாளர்களே விவாதித்திருக்கிறார்கள். நான் இறையியல் படித்தவளில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். நல்ல சமாரியன் கதையின் முடிவில் நீயும் போய் அப்படியே செய் என்று சொன்னவர், இங்கே அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொன்னது எங்கள் சாமியார்.

3

அடுத்த வருஷம், 2013 ஆகஸ்டு முதல் ஞாயிறு. இந்தத் தடவை லூக்கா பன்னிரண்டாம் அதிகாரம். கூட்டத்திலிருந்து ஒருவன், போதகரே, சொத்தில் எனக்குள்ள பங்கைத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்கிறான். உங்களுக்குப் பாகம் பிரிக்க என்னை யார் வைத்தது என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, எல்லாவித பேராசைக்கும் விலகியிருங்கள், மிகுந்த உடைமையால் ஒருவருக்கு வாழ்வு வந்துவிடாது என்கிறார். தொடர்ந்து, களஞ்சியத்தை இடித்துப் பெரிசாகக் கட்ட நினைத்து அன்றிரவே செத்துப்போன பணக்கார முட்டாளின் கதை.

சாமியார் பணக்காரனின் களஞ்சியத்தைத் தொடவே இல்லை. பங்கு கேட்டு வந்தவனிடத்திலேயே நின்றுகொண்டார். நிலம் நிலம் என்று மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் யோசிக்க வேண்டும், உண்மையான செல்வம் விண்ணகத்தில் இருக்கிறது என்றார். இடது பக்கம் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் நாங்கள் ஒன்பது குடும்பம் சேர்ந்து தாசில்தாரிடம் மனு கொடுத்திருந்தோம். பஞ்சமி நிலத்துக்காக. எங்கள் பக்கம் டி.சி. நிலம் என்பார்கள்.

இதன் வரலாறு தோழர்களுக்குத் தெரியும்; மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1891இல் செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்புக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமர்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பஞ்சமர் அல்லாதவர்களுக்கு அது கைமாறக் கூடாது என்று நிபந்தனையும் வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. கிறித்தவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பிரச்சினையை அரசாங்கத்தின் காதில் போட்டுக்கொண்டிருந்தவர்களில் மிஷனரிகளும் இருந்தார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி. அவர்களுக்கு ஞானஸ்நானக் கணக்கும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பஞ்சமனுக்குத் தேவை கஞ்சித்தொட்டி மட்டுமல்ல, காணி நிலம் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. நூறு வருஷம் கழித்து 1994இல், காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில், அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் பெயர் ஏழுமலை, மற்றவர் பெயர் ஜான் தாமஸ். எங்கள் மாவட்டத்தில் பங்கு கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் அது.

எங்கள் வீட்டுப் பங்கு 2 ஏக்கர் சொச்சம். தாத்தா காலத்தில் கல்யாணச் செலவுக்கு வாங்கிய ஆறு மூட்டை நெல்லுக்கு ஈடாகப் போனது என்று ஆயா சொல்லும். இப்போது அனுபவத்தில் வைத்திருப்பவரும் கிறித்தவர்தான். எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான். கோபுரத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருடைய அப்பா பெயர் மணியிலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. பிரசங்கத்தில் அவருக்கு நன்றி சொன்னார்கள். பெருந்தன்மை என்றார்கள்.

தாலுகா ஆபீசில் ஒரு கிளார்க் என் சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “நீங்க கிறிஸ்டியன், பி.சி. தானேம்மா, டி.சி. நெலத்த எப்படிக் கேக்கறீங்க?” என்றார். அட்டவணைச் சாதிகளுக்கான 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவர்களான எங்களை வெளியே வைத்தது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் இன்னும் வெளியேதான். ஏழைக் கைம்பெண்ணைவிட அதிகமாக இந்தக் கோயிலுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள் என்று சொன்னால் அது மிகையா?

4

ஆனால் அந்த வாசகம் என்னைச் சும்மா விடவில்லை. கைம்பெண் கதையை முன்பின் படித்துப் புரிந்துகொண்ட மாதிரி இதைப் புரிந்துகொள்ள முடியவில்லை. பங்கு கேட்டு வந்தவன் வாயை இயேசு அடைத்தார் என்பது உண்மைதானே? சாமியார் அதை இட்டுக்கட்டவில்லையே? நம் பக்கத்துக்கு வசதியான வசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நாமும் குறுகிய வாசகம் வாசிக்கிறவர்கள்தான்.

முதலில் சொல்லைப் பார்த்தேன். தமிழில் பேராசை என்கிறோம். பெரிய ஆசை. ஆசையின் அளவைச் சொல்கிற சொல். இந்த நாட்டில் ஆசையின் அளவைச் சாதிதான் முடிவு செய்கிறது. சேரிப் பையன் புதுச் செருப்புப் போட்டால் அது ஊர்க் கண்ணுக்குப் பேராசை. எண்பது ஏக்கர் வைத்திருப்பவர் பெருந்தனக்காரர். நாங்கள் கேட்பது 2 ஏக்கர் என்றால் எங்களுக்கு மண்ணாசை பிடித்துவிட்டது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் ப்ளியொனெக்ஸியா. அதிகமாகக் கொள்ளுதல், தனக்குரிய பங்குக்கு மேல் எடுத்தல் என்று பொருள். ஆசை பெரிசா சின்னதா என்பது அங்கே கேள்வி இல்லை. எது உன் பங்கு, அதற்கு மேல் யாருடையதை எடுத்தாய் என்பதே கேள்வி. வள்ளுவரும் இந்தக் குற்றத்துக்கு வைத்த அதிகாரத் தலைப்பு வெஃகாமை. பிறன் பொருளைக் கவர நினையாமை. பிறன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதிலிருந்துதான் அந்த அதிகாரமே தொடங்குகிறது.

இந்த அளவுகோலோடு பணக்கார முட்டாளிடம் வந்தேன். அவன் திருடினான் என்று கதையில் இல்லை. அவன் நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் யாரோடும் பேசுவதில்லை. என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள், என் உயிர் என்று தன்னோடு தானே பேசிக்கொள்கிறான். அந்த விளைச்சலை அறுத்தது யார்? கட்டுக் கட்டியது யார்? களத்துக்குச் சுமந்தது யார்? கதையில் ஒரு கூலிக்காரன் கிடையாது. எங்கள் ஊர் அடங்கலிலும் அப்படித்தான், உழுதவர் பெயர் இருக்காது. அந்த மௌனத்தை யாக்கோபின் கடிதம் ஐந்தாம் அதிகாரத்தில் உடைக்கிறது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அது பணக்காரர்களைப் பார்த்தே சொல்கிறது. களஞ்சியம் நிறைந்தது எப்படி என்று தெரிந்துவிடுகிறது.

திருச்சபையின் ஆதிப் பிதாக்கள் என்று கொண்டாடப்படுகிறவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார் இதே களஞ்சியக் கதைக்குப் பிரசங்கம் செய்தார். நாடகக் கொட்டகைக்கு முதலில் வந்து உட்கார்ந்துகொண்டு, பொதுவான இடத்தைத் தன்னுடையது என்று மற்றவர்களை உள்ளே விடாதவனைப் போன்றவர்கள் பணக்காரர்கள் என்றார். பசித்தவனுக்கு உரிய அப்பம்தான் உன் வீட்டில் பூட்டிக் கிடக்கிறது என்றார். மிலான் நகர ஆயர் அம்புரோசு, ஆகாபு ராஜா அபகரித்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை வைத்து ஒரு நூலே எழுதினார். ஏழைக்கு நீ கொடுப்பது உன்னுடையது இல்லை, அவனுடையதைத் திருப்பித் தருகிறாய் என்பது அவர் வாதம். இவர்கள் புரட்சிக்காரர்கள் இல்லை, ஆயர்கள். இவர்களுடைய பெயரில் நம் ஊர்களில் பள்ளிக்கூடம் இருக்கும், திருநாள் இருக்கும். இந்தப் பிரசங்கம் மட்டும் இருக்காது.

கொடுப்பது வேறு, திருப்பித் தருவது வேறு. இந்த வித்தியாசத்தைச் சுவிசேஷத்தில் மிகச் சரியாகப் புரிந்துகொண்டவன் ஒரு வரிவசூல்காரன், சக்கேயு. அவன் இரண்டு கணக்குச் சொல்கிறான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அது ஈகை. யாரிடமாவது அநியாயமாக எடுத்திருந்தால் நான்கு மடங்கு திரும்ப, அது ஈடு. இந்த இரண்டையும் அவன் சொன்ன பிறகுதான் இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்கிறார் இயேசு. எங்கள் கோபுர மணி முதல் கணக்கில் வருகிறது. இரண்டாவது கணக்கை அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்குப் பேராசைக்காரர்கள் என்று பெயர்.

5

இங்கே இன்னொரு கேள்வியையும் நாம் தட்டிக் கழிக்க முடியாது. ஏழைகள் பேறுபெற்றவர்கள் என்று சொல்கிற ஒரு மதம் நமக்கு எதற்கு? பல தோழர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

அம்பேத்கர் 1950இல் மகாபோதி சங்கத்தின் இதழில் புத்தரைப் பற்றியும் அவருடைய மதத்தின் எதிர்காலத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மதத்துக்கு இருக்க வேண்டிய தகுதிகளில் ஒன்றாக அதில் அவர் சொல்வது, வறுமையை அது புனிதப்படுத்தக் கூடாது என்பது. செல்வம் உள்ளவன் அதைத் துறப்பது பேறாக இருக்கலாம். வறுமை ஒருநாளும் பேறாக முடியாது என்கிறார். படித்தபோது ஆயாவின் எலி வளை என் கண்முன் வந்தது. துறப்பதற்கு ஏதாவது இருந்தால்தானே துறவு?

பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து ‘கருக்கு’ எழுதினார், 1992இல் வெளிவந்தது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வாழும் மடத்தின் வசதியையும், பிறந்ததிலிருந்தே ஏழ்மையில் கிடக்கும் தன் சனங்களையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வார்த்தைப்பாடு கொடுத்த ஏழ்மைக்குப் பலகாரம் உண்டு, ஃபேன் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. வார்த்தைப்பாடு இல்லாத ஏழ்மைக்குக் கஞ்சி உண்டா என்பதே சந்தேகம்.

அப்படியானால் உண்மையான செல்வம் பணத்தில் இல்லை என்ற போதனை வெறும் ஏமாற்றுதானா? கொஞ்சநாள் நான் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கூட்டங்களில் கைதட்டும் கிடைத்தது. என் வாயை அடைத்தது ஆயாதான்.

6

2014 தவக்காலத்தில் ஒருநாள் மத்தியானம், திண்ணையில் புளி அடித்துக்கொண்டிருந்த ஆயாவிடம் உட்கார்ந்து மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தை முழுசாக வாசித்துக் காட்டினேன். விழுங்கினவர்கள், கைம்பெண், இடியப்போகும் கோயில். “ஒன்ன ஏமாத்திட்டாங்க ஆயா” என்றேன்.

ஆயா கொட்டையை எடுத்துக்கொண்டே சொன்னது: “எனக்குத் தெரியாதாடி? அந்தக் கோபுரத்துக்கா போட்டேன் நானு? பொறந்ததுலேந்து வாங்கிக்கினே இருந்தேன். களத்துல கூலி வாங்கினேன், பின்கட்டுல பழைய சோறு வாங்கினேன், கோட்டாஸ்பத்திரில மாத்திர வாங்கினேன். நம்ம கையால தண்ணி குடுத்தா குடிப்பானா ஊர்க்காரன்? நம்ம வூட்டுச் சோறத் தின்னுவானா? குடுக்கறதுக்கு வுட்டானுங்களாடி நம்மள? அந்த ஒரு நாளு, அந்த மணிக்காரன் போட்ட உண்டியல்லயே நானும் போட்டேன். ஏன் கை மேல இருந்துச்சி.”

எனக்குப் பேச்சு வரவில்லை. பறித்ததைப் பற்றி நான் நிறைய படித்திருந்தேன். கொடுக்கும் உரிமையையும் சாதி பறித்து வைத்திருக்கிறது என்பதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கொடுக்கிறவன் கை மேலே, வாங்குகிறவன் கை கீழே. சிலருடைய கை நிரந்தரமாக மேலே இருக்க வேண்டுமென்றால் சிலருடைய கை நிரந்தரமாகக் கீழே இருந்தாக வேண்டும். எங்கள் தண்ணீருக்குத் தீட்டு உண்டு, சோற்றுக்குத் தீட்டு உண்டு. உண்டியலில் விழும் காசுக்கு மட்டும் தீட்டில்லை. அந்த ஒரே சந்தில் புகுந்து ஆயா தன்னை மனுஷியாக்கிக்கொண்டது. கோயில் அதைச் சுரண்டியது என்பதும் உண்மை. ஆயா சுரண்டலுக்குள்ளேயே நிமிர்ந்தது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

அதோடு விடவில்லை. “நீ எழுதின மனுவ ஒனக்குப் படிச்சுக் காட்டினியே, அதுல ஒங்க அத்த பேர் எங்கடி?” என்று கேட்டது.

அந்த மனுவை எழுதியவள் நான். எம்.ஏ. தமிழ். சர்வே எண், அரசாணை, நிபந்தனை எல்லாம் போட்டு நான்கு பக்கம். இயக்கத் தோழர்கள் பாராட்டினார்கள். தாத்தாவின் வாரிசுகள் என்று எங்கள் அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் எழுதியிருந்தேன். அத்தை பெயர் இல்லை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை. அத்தை அதே சேரியில், நாலாவது வீட்டில் இருக்கிறாள். ஒன்பது குடும்பத்தின் பட்டியலிலும் பெண் வாரிசு ஒருத்திகூட இல்லை. ஊர்க்காரன் அடங்கலில் எங்கள் பெயர் இல்லை என்று கொதித்த நான், எங்கள் பட்டியலில் இருந்து எங்கள் பெண்களை, ஒரு பெண்ணாக இருந்துகொண்டு, அழகான தமிழில் வெட்டியிருந்தேன்.

பங்கு கேட்டு வந்தவனை இயேசு ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்றைக்குத்தான் எனக்கு ஏதோ புலப்பட்டது. பங்கு கேட்பது குற்றம் என்று அவர் சொல்லவில்லை. பங்கு கேட்கிறவனுக்குள்ளும் ஒரு களஞ்சியக்காரன் உட்கார்ந்திருக்கலாம், அவனையும் கவனி என்று சொல்கிறார். எல்லாவித பேராசைக்கும் என்றாரே, அந்த ‘எல்லாவித’ என்ற சொல்லில் என் மனுவும் இருந்தது. இது என் வாசிப்பு. ஆனால் ஒரு நிபந்தனை. இந்த எச்சரிக்கையை எங்களுக்குச் சொல்லும் யோக்கியதை ஆயாவுக்கு இருந்தது. மணிக்காரருக்கு நன்றி சொன்ன பீடத்துக்கு இல்லை.

7

எருசலேமில் பசியாக இருந்தவர்களுக்காகப் பவுல் பணம் திரட்டினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதம், எட்டாம் அதிகாரம். அடுத்தவர்கள் சுகமாக இருக்க நீங்கள் கஷ்டப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சமநிலை வேண்டும் என்கிறேன் என்று எழுதுகிறார். இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறையை நிரப்பட்டும், நாளை அவர்கள் மிகுதி உங்கள் குறையை நிரப்பட்டும் என்கிறார். இதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பாலைவனத்து மன்னா. அதிகம் பொறுக்கியவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகப் பொறுக்கியவனுக்குக் குறையவில்லை. மறுநாளுக்கு என்று பதுக்கியது புழுத்து நாறியது.

ஈகையின் முடிவு சமநிலை என்றால், எப்போதும் ஒரே கை மேலே இருக்கும் ஈகை ஈகையே இல்லை. நாளை வாங்கிக்கொள்ளவும் தயாராக இருக்கிறவன்தான் இன்று கொடுக்கத் தகுந்தவன். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காதவர் கொடுத்த மணி எவ்வளவு பெரிசாக இருந்தாலும் அது ஈகைக் கணக்கில் வராது. உண்மையான செல்வம் என்று ஒன்று இருக்குமானால் அது வறுமையும் இல்லை, களஞ்சியமும் இல்லை. எல்லாருக்கும் பங்கு இருந்து, அதனால் எல்லாராலும் கொடுக்கவும் வாங்கவும் முடிகிற நிலைமை. எலி வளையில் ஒரு கை கதிரை விட்டு வைத்தவளுக்கு அது தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரிந்திருந்ததால் அவள் பட்டினி நியாயமாகிவிடாது.

ஆயா 2016இல் செத்துப்போனது. சுவருக்கு இந்தப் பக்கத்துக் கல்லறையில் புதைத்தோம். அந்த மணிதான் அடித்தது.

இன்னும் பூசைக்குப் போகிறாயா என்று தோழர்கள் கேட்கிறார்கள். போகிறேன், எல்லா ஞாயிறும் இல்லை. கைம்பெண் வாசகம் வரும் ஞாயிறு கட்டாயம் போகிறேன். நீண்ட வாசகத்தை வாசியுங்கள் என்று முன்கூட்டியே சாமியாரிடம் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பங்குக்குப் பிறகு வந்த ஒரு இளம் சாமியார் ஒருமுறை அப்படியே வாசித்தார். வலப் பக்கம் கொஞ்சம் இருமல் கேட்டது.

நிலம் வரவில்லை. அது இப்போது ரோட்டோரம். பக்கத்து வயல்களில் மனைக்கல் நட்டுக் கொடி கட்டிவிட்டார்கள். மனுவை வாபஸ் வாங்கினால் வீட்டுக்கு இவ்வளவு என்று புரோக்கர்கள் வந்து போகிறார்கள். “பேராச படாத, வர்றத வாங்கிக்கோ” என்று சித்தப்பாவே சொல்கிறார். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. குறைவாக வாங்கிக்கொள்ளச் சொல்லத்தான் எப்போதும் வருகிறது.

புது மனுவில் அத்தை பெயரை எழுதினேன். மற்ற எட்டு வீட்டிலும் போய்ப் பெண்கள் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். மூன்று வீட்டில் சேர்த்தார்கள். ஐந்து வீட்டில், முதலில் நிலம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்றார்கள். அந்த ஐந்து வீட்டுக்கும் மறுபடி போக வேண்டும்.